காய்கறிக்கு ஓர் இடம்: கொத்தவால் சாவடியிலிருந்து நம் சங்க வாசல் வரை



வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருளைப் பார்த்திருப்பீர்கள். நம் சங்கக் கட்டடத்தின் முன்வாசலை புதன், சனி இரு நாட்களும் காலை 6 மணி முதல் 10 மணி வரை காய்கறி விற்பவர்களுக்கு விடலாமா என்பதுதான் அது. வாட்ஸப் குழுவில் இதைப் பற்றி இருநூறு செய்திகளுக்குக் குறையாமல் ஓடிவிட்டது. கார் நிறுத்த இடம் போய்விடும், குப்பை சேரும், மாடு வரும் என்கிறார்கள் ஒரு சாரார். பக்கத்தில் நல்ல காய்கறிக்கடை இல்லாமல் எத்தனை நாள் ஆப்பில் வாங்குவது என்கிறார்கள் இன்னொரு சாரார். நம் இதழின் வரலாற்றுப் பக்கத்துக்கு இந்த முறை இதையே எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் குழு கேட்டது. எழுத உட்கார்ந்தபோதுதான், இந்த ஊரில் மலிவான காய்கறியின் கதை பெரும்பாலும் 'இடம்' பற்றிய கதை என்பது புரிந்தது. விற்பவருக்கு உட்கார எங்கே இடம் கிடைத்தது, யார் கொடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானித்திருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஆள் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதில் உருளைக்கிழங்கு சேராது. (நம் வீட்டுப் பிள்ளைகள் இங்கேயே தோற்றுவிடுவார்கள்.) நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளுக்கு 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ. கிலோவுக்கு 15 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால்கூட மாதம் 720 ரூபாய். நமக்கு அது ஓர் ஓட்டல் சாப்பாட்டின் செலவு. நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாவுக்கும், வாசலில் நிற்கும் காவலாளிக்கும், தெருமுனையில் இஸ்திரி போடுபவருக்கும் அது ஒரு மாதத்துப் பால் காசு. அவர்களும் இந்த நகரைச் சுற்றித்தான் வாழ்கிறார்கள். விலை கூடும்போது அவர்கள் வீட்டில் முதலில் நிற்பது பழம், அடுத்தது கீரை, அதற்கடுத்தது பீன்ஸும் கேரட்டும். சோறு நிற்பதில்லை.

சோறு நிற்காததற்குக் காரணம் உண்டு. அரிசியைத் தமிழ்நாடு எப்போதோ அரசின் பொறுப்பாக ஆக்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. மறு ஆண்டு சென்னை நகரில் பங்கீடு வந்தது. 1952 ஜூனில் ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்தபோது ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. பிறகு ரேஷன் அரிசியின் விலை 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். (குழுவில் அரசியல் பேசக்கூடாது என்பது நம் விதி. ஆனால் அரிசியின் வரலாற்றை முதலமைச்சர்களின் பெயர் இல்லாமல் எழுத முடியாது, மன்னிக்கவும்.)

காய்கறிக்கு இப்படி ஒரு வரலாறு கிடையாது. அரிசியை மூட்டையில் கட்டி ஆறு மாதம் கிடங்கில் வைக்கலாம். முருங்கைக்கீரையை ஆறு மணி நேரம் வைக்க முடியாது. எனவே அரசு அரிசியைப் பிடித்துக்கொண்டது, காய்கறியைச் சந்தைக்கு விட்டுவிட்டது. சந்தை என்றால் என்ன? விற்பவரும் வாங்குபவரும் சேர்கிற ஓர் இடம். மதுரைக்காஞ்சியில் பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் வருகின்றன. அந்தப் பெயர்களே இடத்தையும் நேரத்தையும் சொல்வதைக் கவனியுங்கள். நம் ஊர்ப்பக்க வாரச்சந்தைகளும் அப்படித்தான். கிழமையையும் ஊரையும் சொன்னால் போதும். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தை இன்னும் நடக்கிறது. நம்மில் பலர் அங்கே செடி வாங்கியிருக்கிறோம்.

சென்னையின் பெரிய காய்கறிச் சந்தை நெடுங்காலம் ஜார்ஜ் டவுனில் இருந்த கொத்தவால் சாவடி. கொத்தவால் என்பது நகரைக் காவல் செய்து சந்தையையும் கவனித்த பழைய அதிகாரியின் பதவிப் பெயர். அந்தக் குறுகிய தெருக்களில் மாட்டு வண்டியும் கை வண்டியும் லாரியும் மோதிக்கொள்ளும். சேறும் அழுகிய முட்டைக்கோஸ் இலையும் சாவடியின் அடையாளம். நெரிசல் தாங்காமல் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. ஏறத்தாழ 295 ஏக்கர் வளாகம். கோலார் பக்கத்திலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் தக்காளி, நாசிக்கிலிருந்து வெங்காயம், ஊட்டியிலிருந்து கேரட், ஒட்டன்சத்திரத்திலிருந்து முருங்கை என்று இரவெல்லாம் லாரிகள் வந்து இறங்கும்.

நகரத்துக்கு இது நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் இந்த மாற்றத்தில் ஒரு செலவு ஒளிந்திருந்தது. சாவடி இருந்தவரை வடசென்னையின் கூடைக்காரம்மா விடியற்காலையில் நடந்தே போய்ச் சரக்கு எடுத்து வர முடிந்தது. கோயம்பேட்டுக்கு நடக்க முடியாது. ஷேர் ஆட்டோ வேண்டும். 2005க்குப் பிறகு வந்த 'குட்டி யானை' வண்டியில் நான்கைந்து பேர் சேர்ந்து வாடகை கொடுக்க வேண்டும். முதலுக்குத் தண்டல்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் வட்டியோடு கட்ட வேண்டும். மண்டியில் கமிஷன், இறக்குகூலி, வண்டி வாடகை, வட்டி, கடைசியில் நம் தெருமுனையில் நின்றால் அவ்வப்போது யாருக்காவது கொடுக்கும் காசு. இத்தனையும் ஏறிய பிறகுதான் வெண்டைக்காய் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. தள்ளுவண்டிக்காரர் விலை ஏற்றிவிட்டார் என்று நாம் சொல்லும்போது இந்தப் படிகளில் எதையும் பார்ப்பதில்லை.

வாங்குபவர்களே கூடி இடத்தைப் பிடித்த கதையும் சென்னைக்கு உண்டு. நம் போன்ற சங்கங்களுக்கு இதுதான் நெருக்கமான முன்னோடி. 1904இல் திருவல்லிக்கேணியில் ஒரு சிறு குழுவினர் சேர்ந்து ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கினார்கள். அந்த முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. பின்னாளில் பெரிய அரசியல் மேதையாகவும் ஆங்கிலப் பேச்சாளராகவும் அறியப்பட்டவர், அப்போது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். அதே 1904இல்தான் இந்தியாவின் முதல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதுவும் கடன் கொடுக்கும் சங்கங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம். மளிகை விற்கும் சங்கங்களுக்குச் சட்டம் முழுதாக வழிவிட்டது 1912இல்தான். சட்டம் பின்னால் வரட்டும் என்று இவர்கள் கடையை முன்னால் திறந்துவிட்டார்கள். டி.யு.சி.எஸ். என்று நாம் சொல்லும் அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. காமதேனு கடைகளும் நகரின் பல ரேஷன் கடைகளும் அதனுடையவை.

இவர்களுக்கு முன் உதாரணம் இங்கிலாந்தின் ராச்டேல் ஊர். 1844 டிசம்பரில் அங்கே 28 பேர் தலைக்கு ஒரு பவுன் போட்டு ஒரு சின்னக் கடையைத் திறந்தார்கள். நெசவாளிகளும் மற்ற தொழிலாளிகளும். மாவில் படிகாரமும் சுண்ணாம்புக் கட்டியும் கலந்து விற்ற காலம் அது. அவர்கள் முதலில் விற்றது மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி. விதிகள் சில: கலப்படம் கூடாது, எடை குறையக்கூடாது, கடன் கிடையாது, லாபம் வந்தால் யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுக்குப் பிரித்துக்கொள்ளலாம். கடன் கிடையாது என்ற விதி கொஞ்சம் கடுமையானது. மாதக் கடைசியில் கையில் காசில்லாத ஏழையை அது வெளியே நிறுத்தியது. கூட்டுறவுக் கடைகளைப் புகழும்போது இதைச் சொல்லாமல் விடுகிறோம். நம் தள்ளுவண்டிக்காரர் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுக்கிறார் என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பண்டகசாலைகள் பெரும்பாலும் மளிகைக்குத்தான் சரிப்பட்டன. பருப்பு, எண்ணெய், புளி எல்லாம் அலமாரியில் இருக்கும். காய்கறி இருக்காது. காய்கறிக்கு வேறு வழி தேவைப்பட்டது. அது வந்தது 1999இல்.

உழவர் சந்தையை நாம் எல்லோரும் அறிவோம், அல்லது அறிவதாக நினைக்கிறோம். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி தொடங்கி வைத்தார். யோசனை முழுக்க இங்கே பிறந்ததல்ல. பஞ்சாபில் 1987 முதல் 'அப்னி மண்டி' என்ற பெயரில் விவசாயிகள் நேரடியாக விற்கும் சந்தைகள் இருந்தன. ஆந்திரத்தில் அதே 1999 ஜனவரியில் ரைத்து பஜார் தொடங்கியது. தமிழ்நாடு அவற்றைப் பார்த்துத் தனக்கேற்றபடி செய்துகொண்டது.

எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தீர்மானத்துக்கு உதவும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. விற்பவர் உண்மையில் விவசாயிதானா என்று பார்த்துப் புகைப்படத்தோடு அடையாள அட்டை தருகிறார்கள். அவருடைய நிலம், அதில் என்ன பயிர், எத்தனை பரப்பு என்பதெல்லாம் பதிவாகும். அரை ஏக்கரில் கத்தரி போட்டவர் திடீரென்று வண்டி வண்டியாக முட்டைக்கோஸ் கொண்டு வந்தால் கேள்வி வரும். வியாபாரி பின்வாசல் வழியாக நுழைவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அது எப்போதும் முழுதாக வென்றது என்று சொல்ல மாட்டேன்.

கடைக்கு வாடகை கிடையாது. தராசு இலவசம். அரசுப் பேருந்தில் காய்கறிக் கூடைக்குச் சுமைக் கட்டணம் இல்லாமல் வர வழி செய்யப்பட்டது. இப்படி மூன்று செலவுகளை விவசாயியின் தலையிலிருந்து இறக்கியதும் விலை தானாக இறங்கியது. விலையை விவசாயியும் தனியாக வைப்பதில்லை, அரசும் மேலிருந்து ஆணையிடுவதில்லை. ஒவ்வொரு நாளும் விடிவதற்குள் மொத்தச் சந்தையின் விலையையும் வெளியே சில்லறை விலையையும் விசாரித்து, விவசாயிகளையும் வைத்துக்கொண்டு அன்றைய விலையை முடிவு செய்வார்கள். பொதுவாக மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளிச் சில்லறையைவிட 15 முதல் 20 சதவீதம் குறைவு. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். நடுவில் இருந்த இடைவெளியை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

அந்த விலை ஒரு பலகையில் எழுதப்பட்டு வாசலில் தொங்கும். இந்தப் பலகைதான் உழவர் சந்தையின் பெரிய கண்டுபிடிப்பு என்பது என் எண்ணம். சந்தைக்குள் போய் வாங்காதவருக்கும் அது பயன்பட்டது. பலகையைப் பார்த்துவிட்டு வெளியே தள்ளுவண்டியில் பேரம் பேசுவார்கள். சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் விலையைச் சரிசெய்துகொள்வார்கள். நாளிதழ்களிலும் உழவர் சந்தை விலைப்பட்டியல் வரத் தொடங்கியது. இதனால்தான் சில்லறை வியாபாரிகள் பல ஊர்களில் முணுமுணுத்தார்கள்.

ஒன்றரை ஆண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் சந்தை வந்தது. 2001இல் ஆட்சி மாறியது. பெயர்ப்பலகை இருந்தது, கவனிப்பு போனது. பேருந்து வசதி குறைந்தது, பல இடங்களில் கொட்டகை காலியானது. 2006இல் மறுபடி ஆட்சி மாறியதும் பழைய சந்தைகளைச் சீர்செய்து புதியனவும் திறந்தார்கள். ஒரு திட்டம் ஒரு கட்சியின் பிள்ளையாகப் பிறந்தால் அடுத்த கட்சிக்கு மாற்றாந்தாய் மனம் வந்துவிடுகிறது. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளிலும் சில சந்தைகள் நன்றாகவே நடந்தன. பேருந்து நிலையத்துக்கோ குடியிருப்புகளுக்கோ பக்கத்தில் இருந்தால், நடந்து வரும் வாடிக்கையாளர் இருந்தால், சந்தை தன் காலில் நின்றது. ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறத்தில் இடம் கொடுத்த சந்தைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. விவசாயி நாற்பது கிலோமீட்டர் வருவார். நாம் நாலு தெரு நடக்க மாட்டோம்.

சென்னையில் உழவர் சந்தை மதுரை போலவோ கோவை போலவோ, சேலம் போலவோ வேரூன்றவில்லை. காரணம் எளிது. இங்கே பக்கத்தில் விளைநிலம் இல்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த நகரே ஒரு காலத்தில் வயல்தான் என்பது பத்திரத்தைப் புரட்டினால் தெரியும். 'நஞ்சை' என்று எழுதியிருக்கும். ஏரிப் பாசனம் போன பிறகு விவசாயியும் போனார். எனவே சென்னையில் அரசு வேறு வழியில் போனது. 2013 பிப்ரவரியில் அம்மா உணவகம் வந்தது, இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். அது சமைத்த உணவு, நம் கதையிலிருந்து சற்று விலகியது. அதே ஆண்டு ஜூனில் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் பண்ணை பசுமைக் காய்கறிக் கடைகள் திறக்கப்பட்டன. விலை குறைவுதான். ஆனால் நகரத்தின் பரப்புக்கு அந்தக் கடைகளின் எண்ணிக்கை மிகச் சிறிது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். வரிசையில் நின்றவர்களில் நம் நகர்வாசிகளும் உண்டு. அரிசிக் கடைக்குத் தக்காளி வந்த அந்தச் சில வாரங்களில், காய்கறியும் பொதுவிநியோகத்துக்குள் வரக்கூடிய பொருள்தான் என்பது ஒரு கணம் தெரிந்தது. விலை இறங்கியதும் அது மறந்துபோனது.

இனி 2020. அந்த ஆண்டு மே 5 அன்று நோய்த்தொற்று காரணமாகக் கோயம்பேடு மூடப்பட்டது. சில நாட்களில் காய்கறி மொத்த விற்பனையைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் 28 அன்றுதான் கோயம்பேட்டில் காய்கறி மொத்தக் கடைகள் மறுபடி திறக்கத் தொடங்கின. இடையில் மாநகராட்சி தெருத்தெருவாகக் காய்கறி வண்டிகளை அனுப்பியது. நம் நகருக்கும் வண்டி வந்தது நினைவிருக்கும். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நிற்பது, இடைவெளி விட்டு வட்டம் போடுவது, வெளியே வர முடியாத முதியவர்களுக்கு யார் எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றையும் சங்கம்தான் பார்த்துக்கொண்டது. வண்டி நின்ற இடம் எது தெரியுமா? இப்போது நாம் வாதாடிக்கொண்டிருக்கும் அதே முன்வாசல். அப்போது யாரும் கார் நிறுத்த இடம் இல்லை என்று சொல்லவில்லை. கார்கள் எங்கும் போகவில்லை என்பதும் உண்மைதான்.

இப்போது சற்று கசப்பான பகுதி. தெருவில் விற்பவர்களை நம்மைப் போன்ற சங்கங்கள் நடத்திய விதம் பெருமைப்படத்தக்கதல்ல. பல நகர்களில் சங்கத்தின் முதல் வேலையே போலீசுக்கு மனு எழுதித் தள்ளுவண்டிகளை அப்புறப்படுத்துவதாக இருந்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கில், நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமைக்குள் வரும், நியாயமான கட்டுப்பாடுகள் மட்டும் விதிக்கலாம் என்றது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2014இல், தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுத்து முடிக்கும் வரை யாரையும் வெளியேற்றக்கூடாது, கணக்கெடுத்தவர்களுக்குச் சான்றிதழ் தர வேண்டும், எங்கே விற்கலாம் என்பதை நகர விற்பனைக் குழு சொல்ல வேண்டும் என்கிறது அது. அந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நம்மில் பலர் கவனிக்காத ஒன்று: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு. அதாவது சட்டம் நம்மை மனு எழுதும் பக்கத்தில் வைக்கவில்லை, வியாபாரிகளோடு ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறது.

வியாபாரி என்று பொதுவாகச் சொல்லும்போது முகம் மறைந்துபோகிறது. பத்து ரூபாய்க்குச் சாம்பார் காய் கலந்து கொடுப்பவர் யார்? அரை முள்ளங்கியையும் கால் பூசணியையும் அறுத்துக் கொடுப்பவர் யார்? கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் போடுபவர் யார்? பளபளப்பான கடைகள் பலவற்றில் இப்படிக் கூறு போட்டுத் தருவதில்லை. ஆப்பில் குறைந்தபட்ச ஆர்டர் என்று ஒன்று இருக்கிறது. அன்றாடக் கூலிக்காரருக்கு மலிவு என்பது கிலோவின் விலை மட்டும் அல்ல, அன்றைக்குக் கையில் இருக்கும் காசுக்கு வாங்க முடிகிறதா என்பதும்தான். இதை உழவர் சந்தையும் முழுதாகத் தீர்க்கவில்லை. தீர்த்தவர் கூடை வைத்துக் கூறு கட்டி விற்ற அம்மாதான்.

எனவே, நம் முன்வாசலில் 'விவசாயிகள் மட்டும்' என்று விதி போடலாம் என்ற யோசனையை நான் ஆதரிக்கவில்லை. மதுரைக்கு அது பொருந்தும். இங்கே அப்படிச் செய்தால், விவசாயி என்ற பெயரில் பெரிய வண்டிக்காரர் ஒருவர் வருவார், நம் தெருவில் இருபது ஆண்டுகளாகக் கீரை விற்பவர் வெளியே நிற்பார். பாதி இடம் நம் தெருக்களில் ஏற்கெனவே விற்பவர்களுக்கு, பாதி இடம் செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து கீரையும் நாட்டுக்காயும் நேரடியாகக் கொண்டுவரும் உழவர் குழுக்களுக்கு என்று பிரிப்பதே சரி. வாடகை வாங்கக்கூடாது. உழவர் சந்தை நமக்குக் கற்றுத்தந்த முதல் பாடமே அது. விலைப் பலகை வைக்க வேண்டும். தராசில் முத்திரை இருக்கிறதா என்று சங்கம் பார்க்க வேண்டும். குப்பைக்கு ஒரு தொட்டி, 10 மணிக்குக் கூட்டிப் பெருக்க ஓர் ஆள், அதற்கான செலவைச் சங்கம் ஏற்க வேண்டும்.

பூங்காவில் வைக்கலாமே என்று கேட்டவர்களுக்கு: அது முடியாது. பூங்கா மனைப்பிரிவின் போது ஓ.எஸ்.ஆர். நிலமாக உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டது. அதைப் பூங்காவாகவும் விளையாட்டிடமாகவும்தான் பயன்படுத்தலாம். சங்கக் கட்டடத்தின் முன்வாசல் மட்டுமே நமக்குச் சொந்தமான, நாமே முடிவு செய்யக்கூடிய இடம். அங்கே இரவில் ஏழு கார்கள் நிற்கின்றன. வாரத்தில் இரண்டு காலைகள் அவை நான்கு மணி நேரம் வேறெங்காவது நிற்க வேண்டியிருக்கும். அந்த ஏழு வீட்டாரில் நான்கு பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். மற்ற மூவருக்கும் கூட்டத்தில் முதலில் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.

கூட்டத்துக்கு வரும்போது ஒரு சின்ன உதவி செய்யுங்கள். கடந்த வாரம் உங்கள் வீட்டில் எத்தனை கிலோ காய், எத்தனை கட்டு கீரை, எத்தனை கிலோ பழம் வாங்கினீர்கள், எங்கே, என்ன விலைக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாருங்கள். பெயர் வேண்டாம், தெரு எண் போதும். உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடமும் கேட்டு, அவர் விரும்பினால், அவருக்கும் ஒரு சீட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை பேர் விற்க வந்தால் கட்டுப்படியாகும் என்பதை அந்தச் சீட்டுகளைக் கூட்டித்தான் சொல்ல முடியும்.